சாந்தோமில் குடிவந்த நிலநடுக்கம்

1960ஆம் ஆண்டு மே மாதம் சிலி நாட்டைப் புரட்டிப்போட்ட நிலநடுக்கம், 2023 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை காலை, சாந்தோமில் ஆனி வீட்டுப் பின் போர்ஷனில் குடிவந்தது. அன்றைக்கு மெட்ரோ வாட்டர் லாரி வரவில்லை, தக்காளி விலை இறங்கவில்லை, மற்றபடி எங்கள் தெருவில் விசேஷம் ஒன்றுமில்லை. கூட்டிக்கொண்டு வந்தவர் வீட்டு புரோக்கர் பீர் முஹம்மது. அவர் ஸ்கூட்டரில் முன்னால் வர, தெருவோரம் நின்ற கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலாரம் அடித்ததை வைத்துத்தான் பின்னால் பார்ட்டி வருகிறது என்று தெரிந்துகொண்டோம். சாமான் செட்டு எதுவும் கிடையாது. பால் காய்ச்சும்போது பால் ஒரு நிமிஷம் முன்னதாகவே பொங்கியது, அதை எல்லோரும் நல்ல சகுனம் என்றார்கள்.

அது கண்ணுக்குத் தெரியாது, வாய் திறந்து பேசவும் செய்யாது. பக்கத்தில் இருக்கும் பாத்திரம் பண்டம் நடுங்கும், அந்த நடுக்கத்தைக் கேட்டு அர்த்தம் சொல்ல பீர் முஹம்மது ஒருத்தரால்தான் முடியும். வீடு தேடி மாசக்கணக்கில் ஸ்கூட்டரின் பின் சீட்டில் வைத்துச் சுற்றியதில் அவருக்குப் பழகிப்போன பாஷை அது. மயிலாப்பூர் மாடவீதியில் வீட்டுக்காரர் ஒருவர், பார்ட்டி சுத்த சைவமா என்று கேட்டாராம். எதுவுமே சாப்பிடாது என்றதும் முகம் மலர்ந்திருக்கிறது. அடுத்து, கல்யாணம் ஆனவரா என்று கேட்டு, இல்லை என்றதும் கதவைச் சாத்திவிட்டார். மேற்கு மாம்பலத்தில் எங்கே வேலை, ஆதார் அட்டை உண்டா, ராத்திரி பத்து மணிக்குள் வந்துவிடுமா என்று கேட்டார்கள். கோடம்பாக்கத்தில் ஒரு சினிமாக் கம்பெனி, இடம் தருகிறோம், ஒரு காட்சியில் நடித்துக் கொடுக்கட்டும் என்று கூட்டிப்போனது. கேமரா ஓடிய நேரமெல்லாம் அசையாமல் கிடந்துவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் சாம்பார் வாளியைக் கவிழ்த்தது, அனுப்பிவிட்டார்கள். இத்தனை பேர் இத்தனை கேள்வி கேட்டார்களே, எவ்வளவு ஆடும் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நம் ஊரில் வீடு கொடுக்கிறவர்கள் கேட்கிற கேள்விகளில் அது கிடையாது.

கேட்டவள் ஆனி ஒருத்திதான். பங்குப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர் அவள். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த மகள் ஜொவிட்டாவோடு முன் போர்ஷனில் இருந்தாள்.

"அக்கா, பார்ட்டி நல்ல பார்ட்டி," என்றார் பீர் முஹம்மது. "தண்ணி செலவு இல்ல, கரண்டு செலவு இல்ல. கொஞ்சம் ஆடும், அவ்ளோதான்."

"எவ்ளோ ஆடும்?"

"இப்ப வயசாயிடுச்சுக்கா. ரோட்ல லாரி போனா வீடு ஆடும் பாரு, அவ்ளோ."

ஆனி அடுத்ததாக, சொந்தக்காரர்கள் யாராவது உண்டா என்று கேட்டாள். விருந்தாளித் தொல்லைக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்ட பீர் முஹம்மது, இருக்கிறார்கள், ஆனால் யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். "வரணும்," என்றாள் ஆனி. "அவங்கள்லாம் வந்து போவாங்கன்னா வீடு தர்றேன். இல்லன்னா வேணாம்." இருபது வருஷமாக புரோக்கர் தொழில் செய்கிறவர், இப்படி ஒரு கண்டிஷனை அவர் கேட்டதே இல்லை.

ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எங்கள் தெருவுக்குத் தெரியும். ஆனியின் வீட்டுக்காரர் கிளிஃபர்ட் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தார். 2004ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நேற்றைக்குத்தானே அவ்வளவு நீளப் பூசை பார்த்தோம், இன்றைக்கும் போகாவிட்டால் ஆண்டவர் கோபித்துக்கொள்ளவா போகிறார் என்று சொல்லிவிட்டு, கிளிஃபர்ட் மீன் வாங்க பட்டினப்பாக்கம் கரைக்குப் போனார். ஆனி இரண்டு வயது ஜொவிட்டாவைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். அன்று விடியும்போது சுமத்ரா பக்கத்தில் கடலுக்கடியில் உண்டான நிலநடுக்கம் கிளப்பிய தண்ணீர், காலை வெயில் ஏறும் நேரத்தில் நம் கரைக்கு வந்து சேர்ந்தது. கிளிஃபர்டின் ஸ்கூட்டர் கிடைத்தது. கிளிஃபர்ட் கிடைக்கவில்லை. ஆனி ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள், துணி விலக்கி முகம் முகமாகப் பார்த்தாள். ஆண்டவர் சித்தம் என்றார்கள் சிலர், முன்கூட்டியே சொல்லாத அரசாங்கத்தின் தப்பு என்றார்கள் சிலர். ஆனி இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செய்தது யார் என்று பேப்பரில் பேரோடு போட்டிருக்கிறது, அது வந்து பதில் சொல்லட்டும் என்றாள். அவள் கேட்க நினைத்தது ஒரே ஒரு கேள்வி, அவர் எங்கே என்பது. அதற்குப் பிறகு அவள் கடலைப் பார்க்கவில்லை. அழவும் இல்லை. கூப்பிடு தூரத்தில் அலை அடித்தும், அடையாறுக்குப் போவதென்றால்கூட லஸ் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

ஆக, சிலிக்காரர் குடிவந்தது அவர் வசதிக்கு மட்டுமில்லை. ஒரு வீட்டில் ஒருத்தர் குடிவந்தால் பின்னாலேயே மச்சினன், ஓர்ப்படி, ஒன்றுவிட்ட சித்தப்பா என்று வரிசையாக வருவார்கள் என்பது சென்னையில் வீடு வாடகைக்கு விட்ட எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனி அதைத்தான் நம்பியிருந்தாள். சிலிக்காரரைக் குறை சொல்ல முடியாது, தங்கமான மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் வந்த பிறகு பின்பக்கத் தென்னையில் ஆள் ஏற வேண்டியிருக்கவில்லை, முற்றிய காய் தானே விழுந்தது. ஊறப்போட்ட துணி தானே அலசிக்கொண்டது. தயிர் மட்டும் சரியாக உறையாது. அடுத்த வீட்டு ஷரஃபுதீனுக்குக் கண்ணாடிக் கடை, வீடு முழுக்கக் கண்ணாடி. அவர் மனைவி அன்வரி பேகம் முதல் நாளே மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "யப்பா, என் ஷோகேஸ்ல ஒரு கீறல் வுழுந்துச்சு, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்," என்று சொல்லி வைத்தார். ஒரு தேசத்தையே உலுக்கினவர் அந்த மதிலைத் தாண்டவே இல்லை.

மறு வருஷம் பெரிய வெள்ளி அன்று அலாஸ்கா அம்மா வந்தார். 1964இல் தன் ஊரை ஆட்டியதும் ஒரு பெரிய வெள்ளியன்றுதான், அதனால் அவருக்கு நாள் மறக்காது. நேரே கோயிலுக்குப் போய், சிலுவைப்பாதை முடியும்வரை கடைசி பெஞ்சில் இருந்துவிட்டு வந்தார். அந்த பெஞ்சில் முட்டி போட்டவர்களுக்கு இன்றுவரை முட்டிவலி இல்லை என்று பேச்சு. ஆனி உபவாசக் கஞ்சி ஊற்றி வைத்தாள், கஞ்சியில் வட்டம் வட்டமாக அலை வந்தது. அதே வாரம், கல்லூரியில் பூகோளம் கற்பித்து ஓய்வுபெற்ற சங்கரன், மேற்கு மாம்பலத்திலிருந்து மின்சார ரயில் பிடித்து, சேதி உண்மைதானா என்று பார்க்க வந்தார். பின் போர்ஷன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பியபடி நின்றவர், எங்களைப் பார்த்துக் கடிந்துகொண்டார். "லோகத்துலயே நம்பர் ஒன் ஓய் இவர். ஒன்பது புள்ளி அஞ்சு. நீங்க பாட்டுக்கு வாளியை நகர்த்திண்டு, துணியை உதறிண்டு இருக்கேளே."

அவர் சொல்லித்தான் எங்களுக்கு வரிசை தெரிந்தது. சிலிக்காரர் முதல், அலாஸ்கா அம்மா இரண்டு, ஒன்பது புள்ளி இரண்டு. புள்ளிக்குப் பின்னால் ஒன்றிரண்டுதானே வித்தியாசம் என்று அலட்சியமாக நினைக்கக் கூடாது, ஒரு எண் ஏறினால் பலம் முப்பது மடங்குக்கு மேல் ஏறும் என்று விளக்கினார். அன்றிலிருந்து டீக்கடையில் கட்சி பிரிந்தது. அளந்தால் சிலி பெரிது, ஆனால் ஆடிய நேரம் என்று பார்த்தால் அலாஸ்கா லேசுப்பட்டதா என்று கிரிக்கெட் ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார்கள். இரண்டு பேருக்கும் காபி டபராவை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு சங்கரன் பாதி நாள் அங்கேயே கிடந்தார். ஒரு நாள் பேச்சுவாக்கில், "மூணாவது எடம் மட்டும்தான் காலியா இருக்கு. சுமத்ரா வந்துடுத்துன்னா செட்டு சேர்ந்துடும்," என்றார். அங்கே காய் நறுக்கிக்கொண்டிருந்த ஆனி, கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். விஷயம் தெரிந்ததும் மனிதர் ஒரு வாரம் மாம்பலத்தை விட்டு வெளியே வரவில்லை.

கத்திரி வெயிலில் கம்சாட்காக்காரர் வந்தார், 1952ஆம் வருஷத்து ஆள். ரஷ்யாவின் கோடியில், பனியில் கிடந்த உடம்பு, அவர் தங்கியிருந்த நாட்களில் பின் போர்ஷன் சுவரில் ஐஸ் பூத்தது. ஏசி வாங்குவதைத் தெருவில் பல பேர் தள்ளிப்போட்டார்கள். அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்ள அன்வரி பேகத்துக்கு மட்டும் தனி இடம், வேறு யாரும் உட்காரக் கூடாது. மழைக்காலத்தில் ஜப்பான் தம்பி வந்தார், 2011இல் பிறந்தவர், வந்தவர்களிலேயே சின்ன வயசு. உள்ளே நுழையும் முன் வாசலில் ஒரு தடவை, ஹாலில் ஒரு தடவை வணங்கினார், இரண்டு தடவையும் ஃபேன் குனிந்து நிமிர்ந்தது. அவரும் கடலைக் கிளப்பி நிறையப் பேரை வாரிக்கொண்டு போனவர்தான். அதனால் ஆனி அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் காபி வைக்கத் தவறவில்லை. ஒவ்வொருவரிடமும் ஆனி பீர் முஹம்மது மூலமாக ஒன்றைத்தான் கேட்டாள், உங்கள் சுமத்ரா ஆள் எப்போது வரும் என்று. எல்லோரும் பேச்சை மாற்றினார்கள்.

2024 டிசம்பரில், அந்தச் சம்பவம் நடந்து இருபது வருஷம் ஆகிறது, கட்டாயம் வரும் என்று தெருவே சொன்னது. எங்கள் பெண்கள் ஆனிக்கு உதவியாகத் திட்டு வார்த்தைகளைச் சேகரித்துக் கொடுத்தார்கள். அதில் பெரும்பகுதி அன்வரி பேகம் கொடுத்தது, பாதி தமிழ், பாதி உருது, மொத்தத்தையும் இங்கே எழுத முடியாது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆனி தலைவாரி, வெள்ளைச் சேலை கட்டி, கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். ஜொவிட்டா பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கணினியில் வேலை செய்வதாகப் பாவனை செய்தாள். எதுவும் வரவில்லை. வாசல் கேட்டின் நாதாங்கிகூட அசையவில்லை.

2025 ஜூலைக் கடைசியில் கம்சாட்கா கடலோரத்தில் இன்னொரு நிலநடுக்கம் பிறந்தது, எட்டு புள்ளி எட்டு. கம்சாட்காக்காரர் ஊருக்கு ஓடி, சில வாரம் கழித்து அதைத் தூக்கிக்கொண்டு நேரே சாந்தோமுக்கு வந்துவிட்டார். பிள்ளை வளர்ப்புக்கு நம் ஊர்தான் வசதி என்று சிலிக்காரர் சொல்லியிருக்க வேண்டும். ஆனி பழைய நூல் சேலை ஒன்றில் தூளி கட்டினாள். வெறுந்தூளிதான் கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஆட்ட ஆள் வேண்டாம், அதுவே ஆடியது, சில சமயம் விட்டத்தைத் தொட்டது. தெருவே வந்து தூளியைப் பார்த்து, மூக்கு சிலிக்காரர் மாதிரி என்று சொல்லிவிட்டுப் போனது. அலாஸ்கா அம்மா வந்தார், ஜப்பான் தம்பி வந்தார். பேச்சுவார்த்தை இல்லாத சொந்தம்கூடப் பிள்ளை பார்க்க வந்தாக வேண்டும் என்பது வழக்கம், இப்போதாவது வரும் என்று ஆனி எதிர்பார்த்தாள். வரவில்லை. "பச்ச மண்ணைப் பாக்கக்கூட வராத ஜென்மம்," என்று அவள் மதிலோரம் நின்று அன்வரி பேகத்திடம் பொருமினாள்.

அன்வரி பேகம் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். "வரல வரலன்ற. நீ கூப்டியா?"

ஆனிக்குப் புரியவில்லை.

"நேர்ல போய் கூப்டியாம்மா? பாக்கு வெச்சு, பழம் வெச்சு?"

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தால், நேரில் வந்து கூப்பிட்டார்களா, நாம் என்ன வக்கற்றவர்களா என்று முறுக்கிக்கொண்டு போகாமல் இருப்பவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட நாங்கள், செய்யக்கூடாததைச் செய்துவிட்டுக் கூனிக்குறுகி நிற்கும் ஒன்று, அழைப்பில்லாமல் அந்த வீட்டுப் படியேறி வரும் என்று இரண்டு வருஷம் காத்துக்கொண்டிருந்தோம். பீர் முஹம்மதுவைக் கூப்பிட்டு விசாரித்தால், அவர் தலையைச் சொறிந்தார். "அது ரொம்ப நாளா பட்டினப்பாக்கம் கரைக்கு அந்தாண்டதான் நின்னுக்கினு கீதுக்கா. நான்தான் சொல்லல. நீங்க கடல் பக்கம் போவ மாட்டீங்கன்னு தெரியும்."

அழைக்கப் போக வேண்டியது வீட்டுக்காரி. ஜொவிட்டா தான் போவதாகச் சொன்னாள், அன்வரி பேகம் ஒப்புக்கொள்ளவில்லை, சின்னப் பெண்ணை அனுப்பினால் மரியாதை இல்லை என்றார். ஆனி இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். பயமாக இருக்கிறது என்று மகளிடம் மட்டும் சொன்னாள். மூன்றாம் நாள் காலை தாம்பாளத்தில் சர்க்கரை, வாழைப்பழம், மல்லிகைப்பூ எடுத்து வைத்துக்கொண்டு, அன்வரி பேகத்தின் கையைப் பிடித்தபடி தெருவில் இறங்கினாள். நாங்கள் கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனோம், வேடிக்கை பார்க்க இல்லை, துணைக்கு. மீன் கடைகளைத் தாண்டி மணலில் கால் வைத்ததும் ஆனி திரும்பி நடக்கப் பார்த்தாள். அன்வரி பேகம் இடுப்பில் கைபோட்டுத் திருப்பி நிறுத்தினார். இருபத்தோரு வருஷம் கழித்து ஆனி கடலைப் பார்த்தாள். அது பாட்டுக்கு இருந்தது. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது என்று பிறகு சொன்னாள்.

தண்ணீர் தொடும் இடத்தில் நின்று தாம்பாளத்தை நீட்டினாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை, பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "வர்ற ஞாயித்துக்கெழம எங்க வீட்ல புள்ள பாக்க வரணும். அவசியம் வந்துடணும். குடும்பத்தோட." அலை ஒரு காலடி பின்வாங்கியது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள், கடல் உள்ளே போனால் என்ன அர்த்தம் என்பது அந்தக் கரையில் குழந்தைக்கும் தெரியும். தண்ணீர் திரும்ப வந்தபோது ஆனியின் கணுக்காலைக்கூட நனைக்கவில்லை, சர்க்கரையை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. பூவும் பழமும் அப்படியே இருந்தன. அழைப்பை ஏற்றுக்கொண்ட மரியாதைக்கு எடுத்துக்கொண்டது என்று அன்வரி பேகம் விளக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பும் நேரத்தில் ஆனி வீட்டு கேட் நடுங்கியது. கார் அலாரம் ஒன்றுகூட அடிக்கவில்லை. தெருவோரம் ஒதுங்கி, யார் மேலும் படாமல் வந்திருக்கிறது. மூன்றாம் இடத்துக்காரருக்கு வரவேற்பு சொல்ல சங்கரன் எழுந்தார், ஜொவிட்டா முறைத்ததும் உட்கார்ந்துவிட்டார். உள்ளே வரச் சொன்னார்கள், வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றது. சேகரித்து வைத்திருந்த திட்டில் ஒன்றைக்கூட ஆனி எடுக்கவில்லை. கேட்டின் உள்பக்கம் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, கேட்க வேண்டியதை மட்டும் கேட்டாள்.

"எங்க அவரு?"

கேட் நீண்ட நேரம் நடுங்கியது. பீர் முஹம்மது குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். புரோக்கர் குரல் அவரிடமிருந்து போய்விட்டிருந்தது.

"தெரிலன்னுதுக்கா," என்றார். "அங்க கடலுக்கடில பாறை நழுவுச்சு, அதோட தன் வேல முடிஞ்சுதுன்னு இருந்துச்சாம். தண்ணி கெளம்பி இம்மாந்தூரம் வந்தது அப்புறம்தான் தெரியுமாம். எத்தினி பேருன்னு எல்லாரும் சொன்னாங்களாம். பேரு ஒருத்தரும் சொல்லலியாம்." மறுபடி குனிந்தார். "இந்த ஊருக்கு அது வந்தது ஒரே தபாதானாம். அன்னிக்கு விடியறப்போ. ரொம்ப சன்னமா. ஒரு சில வீட்ல கட்டில் கால தொட்டுட்டு திரும்பிடுச்சாம்."

ஆனி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். அன்று விடியலில் அவர்கள் கட்டில் ஆடியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகூடத் தூங்க விடாமல் ஆட்டுகிறாயா என்று அவள் கிளிஃபர்டைத் திட்டியிருக்கிறாள். நான் ஆட்டலடி, சத்தியமா நான் இல்லடி என்று அவர் சிரித்திருக்கிறார். அவள் நம்பவில்லை, கோயிலுக்குக் கிளம்பும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வஞ்சிரம் வாங்கி வந்தால் கோபம் தீர்ந்துவிடும் என்றுதான் அவர் கரைக்குப் போனார். இதை அவள் மகளிடம்கூடச் சொன்னதில்லை. "அவரு சொன்னது நெசம்தான்," என்றாள் ஆனி. "அவரு ஆட்டல." முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள், அத்தனை வருஷத்து அழுகையும் சேர்த்து. ஜொவிட்டா கட்டிக்கொண்டாள், அன்வரி பேகம் தன் துப்பட்டாவால் இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றித் துடைத்தார். பின் போர்ஷனில் தூளி நின்றிருந்தது. சிலிக்காரர் குடிவந்த நாள் முதல் அந்த வீட்டில் எதுவுமே ஆடாமல் இருந்தது அப்போதுதான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஆனி கேட்டைத் திறந்தாள். அவர் பெயர் கிளிஃபர்ட் என்று ஆரம்பித்தாள். பாடகர் குழுவில் சுருதி சேராமல் பாடுவார், பாட வேண்டாம் என்று சொல்ல ஃபாதருக்கு மனசு வராது. பல்லிக்குப் பயப்படுவார். பேரம் பேசத் தெரியாமல் மீன்காரம்மாவிடம் ஏமாந்து, அந்த அம்மாவுக்குக் காபியும் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவார். பெண் குழந்தை பிறந்ததும் தெருவுக்கெல்லாம் தானே போய்ச் சொல்லிவிட்டு, மனைவியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வந்தார். மத்தியானம்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். ஜொவிட்டா தன் அப்பாவைப் பற்றி இதில் பாதியை அன்றுதான் கேட்டாள், அதனால் இடையிடையே அவளும் கேள்வி கேட்டாள். கேட்டுக்கு வெளியே நின்றது எப்போது படிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

பொழுது இறங்கும்போது அது, அவர் கல்லறை எங்கே, ஒரு மெழுகுவர்த்தி வைத்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டது. அப்படி ஒன்று கிடையாது, அடக்கம் செய்ய உடம்பு கிடைக்கவில்லையே என்றாள் ஆனி. படியில் வைத்திருந்த காபி டம்ளர் மெல்ல நடுங்கியது. பீர் முஹம்மது சொல்லத் தயங்கினார். ஒரு கல்லறை கட்டி அதில் தன்னை வைக்க முடியுமா, அவர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு யாரும் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்கிறதாம். தெரு ஆனியைப் பார்த்தது, ஆனி மகளைப் பார்த்தாள். "இருக்கட்டும்மா," என்றாள் ஜொவிட்டா. "எனக்கும் போறதுக்கு ஒரு எடம் வேணும்."

பங்குச் சாமியார் மோவாயைத் தடவினார். ஞானஸ்நானம் வாங்காததை அடக்கம் செய்யலாமா என்பது முதல் சிக்கல், மூச்சிருக்கிறதைப் புதைக்கலாமா என்பது இரண்டாவது. புத்தகங்களைப் புரட்டியதில், நிலநடுக்கத்தை அடக்கம் செய்யலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. கடைசியில், அடக்கப் பூசை கிளிஃபர்டுக்குத்தான், பெட்டியில் அவர் சட்டை வேட்டியோடு கூட யார் போகிறார்கள் என்பது குடும்ப விஷயம் என்று தீர்த்துவைத்தார். பெட்டியைச் சுமந்தவர்களுக்கு வீடு திரும்பும்வரை கை மரத்துப்போயிருந்தது. மூடிய மண்ணை மட்டப்படுத்த வேண்டியிருக்கவில்லை, தானே இறுகிச் சமமானது. கல்லறைத் தோட்டத்துக் காவலாளி, அக்கம்பக்கத்துச் சிலுவைகள் சாயக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். இன்றுவரை ஒன்றுகூடச் சாயவில்லை.

அந்த வருஷம் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள், ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. சாந்தோம் குடும்பங்கள் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு கிளம்பும் அந்த நாளில் இத்தனை காலம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு துணி துவைத்தவள் ஆனி. இந்தத் தடவை மற்றவர்களோடு சேர்ந்து வேனில் ஏறினாள், இடம் போதாமல் ஜொவிட்டாவை மடியில் உட்கார்த்திக்கொண்டாள். புதுக் கல்லறையில் சாமந்தி பரப்பி மெழுகுவர்த்தி நட்டார்கள். அடுத்த கல்லறைக்குப் பிரிஸில்லா என்று ஒரு அம்மாள் புதுப்பேட்டையிலிருந்து வந்திருந்தார். எங்கள் சங்கதி எதுவும் தெரியாதவர். காற்றே இல்லை, வரிசையில் எல்லாச் சுடரும் நேராக நிற்கிறது, இங்கே மட்டும் நடுங்குகிறதே என்று பார்த்துவிட்டு, கீழே யார் என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு," என்றாள் ஆனி. "தொணைக்கு ஒருத்தர் இருக்காரு."

அந்த அம்மாள் சரி என்று தலையாட்டிவிட்டு, தன் மெழுகுவர்த்தியை மண்ணில் இன்னும் கொஞ்சம் ஆழமாக ஊன்றிக்கொண்டு, ஜெபமாலையை எடுத்தார்.